இடது பின் சக்கரத்தின் உயரம்

“அதே எடம்தான் பாய். லெஃப்ட்டு பின்னாடி.”

“ஒயுங்கா பாத்து சொல்லு நைனா. உன் போனு போன வாட்டியும் இத்தத்தான் சொல்லிச்சு.”

“போன் இன்னா பண்ணும்? வண்டி சொல்றத அது சொல்லுது.”

ஹுமாயூன் பாய் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, டயருக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். மூன்று பக்கமும் நான்கு விரல் படுக்கையாக நுழைந்தது. இடது பின்பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. சேற்றில் ஒருக்களித்துப் படுத்த எருமை மாதிரி வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

“நேத்து நல்லாத்தான இர்ந்துச்சு,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

காலை மணி பதினொன்று. மறுநாள் பத்து மணிக்கு அவர் மகள் நவ்ரீனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. முதல் தாள் தமிழ். மையம் திருவொற்றியூரில். எர்ணாவூரில் இருக்கிற பாயின் ட்ரெய்லர் ரிப்பேர் ஷெட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் வந்தால் அதிகம். சைக்கிளில் டபுள்ஸ் அடித்துக்கொண்டு போய்விடுகிற பிள்ளைகள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நவ்ரீனால் அப்படிப் போக முடியாது. பிறவியிலேயே அவளுக்கு எலும்பில் வலுவில்லை. ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், உடம்பில் எங்கேயோ ஒன்று விரிந்துவிடும். பதினைந்து வயதுக்குள் பதினொரு முறிவு. கணக்கை அவளே வைத்திருந்தாள். ஒரு தடவை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அதன் பட்டை ஸ்பிரிங் லாரிக்குச் சமம். காலுக்குக் கட்டுப் போடப் போனவளுக்கு விலா எலும்புக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அதற்காகத்தான் இந்த வண்டி. பெரிய ஜெர்மன் கார். வெள்ளத்தில் கூரைவரை முங்கிப்போய், இனி ஓடாது என்று கைவிட்டதை பாய் இழுத்துவந்து ஏழு மாதம் உட்கார்ந்து பிழைக்க வைத்தார். அதில் ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு காற்றுப் பை. பையைக் காவல் காக்க சக்கரத்துக்கு ஒன்றாக ஒரு சென்சார், தீப்பெட்டி அளவுக்கு. அதிலிருந்து ஒரு சின்னக் கை, கையிலிருந்து ஒரு குச்சி, குச்சியின் மறுமுனை சக்கரத்தைத் தாங்குகிற இரும்பில். சக்கரம் ஏறி இறங்கினால் கையும் ஏறி இறங்கும். அதைப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் காற்றை ஏற்றும், இறக்கும். கை சிக்கிக்கொண்டு ‘இந்தப் பக்கம் ஒசரமா கீது’ என்று பொய் சொன்னால், கம்ப்யூட்டர் நம்பிவிடும். இருக்கிற காற்றையும் இறக்கி வண்டியை அடியில் இருக்கிற கட்டை ரப்பரில் உட்கார்த்திவிடும். அப்புறம் அது காரே இல்லை, குலுங்கிக் குலுங்கி ஓடுகிற மீன்பாடி வண்டி.

எனக்குக் கார் என்றால் பைத்தியம். காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் யார்டில் வேலை, ஷிஃப்ட் முடிந்தால் இந்த ஷெட். அப்பா ஆசீர்வாதத்தின் மளிகைக் கடை ஷெட்டுக்கு நேர் எதிரே. வண்டியின் டேஷ்போர்டுக்குக் கீழே செருகினால் போனில் எல்லாக் கோளாறையும் காட்டுகிற சின்னக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. அதனால்தான் பாய் என்னை உள்ளே விட்டார். இல்லாவிட்டால் நாகர்கோவில்காரன் மகனுக்கு ட்ரெய்லர் ஷெட்டில் என்ன வேலை?

“அத்தா! வண்டி படுத்துகிச்சா?” ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டின் ஜன்னலிலிருந்து நவ்ரீன் குரல் கொடுத்தாள்.

“இல்லம்மா. நீ படி.”

“படுத்துகிச்சுன்னு சொல்லு, பரவால்ல. எனக்கு இங்கேர்ந்தே தெரியுது.”

பாய் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து போனை எடுத்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குத்தான் போகிறது என்று தெரிந்துவிட்டது.

“டேய் தௌசீஃப். இன்னாடா மாலு குடுத்த எனக்கு? மூணாவது சென்சாரு இது. மூணும் ஒரே எடத்துல பூட்ச்சு. டூப்ளிகேட்ட என் தலைல கட்டிட்டு ஜாலியா கீறியா? நாளிக்கு என் பொண்ணுக்குப் பரிச்ச. அவளுக்கு எதுனா ஆச்சு, உன் கடைல வந்து குந்திக்குவேன், சொல்ட்டேன்.”

எதிர்முனையில் என்ன சொன்னானோ, பாய் போனை டயர் மேல் எறிந்தார். அதில் பட்டுத் தரையில் விழுந்தது. நான் எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.

ஜனவரியில் நடந்ததைச் சொல்லாமல் இது புரியாது. பொங்கலுக்கு அடுத்த வாரம். ஆஸ்பத்திரியிலிருந்து நவ்ரீனைக் கூட்டிக்கொண்டு வந்தாள் பாயின் மனைவி சபீஹா அக்கா. எப்போதும் அக்காதான் ஓட்டுவாள். பாய் இருபது வருஷம் ட்ரெய்லரோடு கிடந்தவர். பிரேக் போட்டால் கரப்பானை மிதிக்கிற மாதிரி மிதிப்பார். ரயில்வே கேட்டுக்கு முன்னால் ரோட்டில் ஒரு பள்ளம் உண்டு. மழையில் கப்பலே விடலாம் என்பதால் எங்கள் பக்கம் அதற்குக் கப்பல் பள்ளம் என்று பேர். நூறு தடவை அதை அலுங்காமல் தாண்டியவள் அக்கா. அன்றைக்கு மட்டும் இடது பின்பக்கம் ‘டொம்’ என்று அடித்தது. நவ்ரீன் கத்தவில்லை. “அம்மா, பதினொண்ணு,” என்றாள். வலது காறை எலும்பு.

வீட்டுக்கு வந்ததும் பாய் கேட்டது ஒரே கேள்வி. “பள்ளத்த பாத்து ஓட்ட மாட்டியா?” பிறகு வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “பள்ளத்துல உட்டதுல சென்சாரும் பூட்ச்சு,” என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து அக்கா சாவியைத் தொடவில்லை. அது அடுப்படி ஆணியில் தொங்கியது. அவள் அந்தப் பக்கம் கரண்டி எடுக்கப் போனால்கூடத் தோள்பட்டையை ஒடுக்கிக்கொண்டு போவாள்.

நாளைக்குப் பாய்தான் ஓட்டுவதாக ஏற்பாடு.

“அத்தா ஓட்னா நான் பத்தாவது எழுதறதுக்குள்ள பன்னெண்டு முடிச்சிருவேன் அண்ணா,” என்று நவ்ரீன் என்னிடம் நேற்றே சொல்லிவிட்டாள்.

தௌசீஃப் உச்சி வெயிலில் வந்து சேர்ந்தான். ரமலான் மாசம், பாயைப் போல அவனும் நோன்பு. உதடு வெளுத்திருந்தது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்தான்.

“எங்க மாமு அந்த மூணும்? எட்து வை இப்டி.”

“எதுக்கு? திருப்பி விக்கவா?”

“நோன்பு நேரத்துல வாயில நல்லா வருது எனக்கு. வை மாமு.”

இரண்டு பழைய சென்சார்கள் ஆணி டப்பாவில் கிடந்தன. மூன்றாவதைப் பாய் வண்டிக்கடியில் படுத்துக் கழற்றிக் கொடுத்தார். மூன்றின் கையும் குச்சியும் தார் பூசிய மாதிரி கருப்பாக இருந்தன. தௌசீஃப் ஒன்றை எடுத்துக் கையை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து நெம்பினான். ஒரு நூல் நகர்ந்து அப்படியே நின்றது.

“டூப்ளிகேட்னு சொன்னியே. டூப்ளிகேட்னா உள்ள ஒயரு பூடும். கை இறுகுமா?” என்றவன் என் பக்கம் திரும்பினான். “தம்பி, ஒரு மக்குல பெட்ரோலு புடி.”

மூன்றையும் பெட்ரோலில் ஊறப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தான். மக்கில் இருந்தது டீத்தண்ணி நிறமாகி, அப்புறம் மை மாதிரி ஆனது. அடியில் கரகரவென்று மணல் தங்கியது. மணலும் இல்லை, நிலக்கரித் தூள். எங்கள் ரோட்டின் இடது ஓரத்தில் லாரியிலிருந்து கொட்டிக் கொட்டி வரப்பு மாதிரி குவிந்து கிடக்குமே, அது.

துடைத்த சென்சாரை வண்டியின் ஒயரில் செருகினான். “போனப் பாரு,” என்றான். கையை மேலே தூக்கினான். எண் ஏறியது. கீழே இறக்கினான். எண் இறங்கியது. வெண்ணெய் மாதிரி. அடுத்ததைச் செருகினான். அதுவும் ஏறியது, இறங்கியது. மூன்றாவதும் அப்படியே.

மூன்றும் நல்ல சென்சார்.

நான் பாயைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

“உப்புக் காத்துல இறுகிச்சோ இன்னாவோ,” என்றேன்.

“உப்பு இறுகுனா வெள்ளையா பூக்கும். இது கருப்பு,” என்று தௌசீஃப் விரலில் ஒட்டியதை மோந்து பார்த்தான். “எண்ணெ. பழைய எண்ணெ. எண்ணெ இருந்தாத்தான் தூளு ஒட்டும். ஒட்டி ஒட்டி இப்டி கல்லாவும். இதுக்குப் போயி எவன்டா எண்ணெ அடிச்சான்?”

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் கண்ணில் அது பட்டது. தூணில் தொங்கிக்கொண்டிருந்த ஸ்பிரே கன். கீழே இருபது லிட்டர் கேன். கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

துறைமுகத்துக்கு ஓடுகிற எந்த ட்ரெய்லருக்கும் எங்கள் பக்கம் இது வழக்கம். இஞ்சினிலிருந்து வடித்த கருப்பாயிலில் கொஞ்சம் டீசல் கலந்து, மாதம் ஒரு தடவை அடிப்பக்கம் முழுக்க அடித்துவிடுவார்கள். கடற்காற்றுக்கு அதுதான் மருந்து. அடிக்காத வண்டி மூன்று வருஷத்தில் துரு தின்று ஓட்டையாகிவிடும். பாய் ஆயிரம் வண்டிக்கு அடித்திருப்பார். மகள் ஏறுகிற வண்டிக்கு மட்டும் வேறு யாரையும் தொட விடாமல், அவரே மல்லாந்து படுத்து, இடுக்கு இடுக்காக அடித்தார். சென்சார் இருக்கிற மூலையில் ரெண்டு சுற்று கூட. மாசம் தவறினதில்லை.

பாய் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.

“அப்போ ஜனவரில பள்ளத்துல வுயுந்து சென்சாரு பூடல,” என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. “அதுக்கு மின்னாடியே இறுகிப் போய்கீது. வண்டி கட்டைல குந்திகினு கீது. அவ அத்த ஓட்டிகினு வந்துருக்கா.”

“மாமு, நீ வேணும்னா பண்ண?” என்றான் தௌசீஃப். சண்டைக்கு வந்தவன் குரலே இல்லை அது.

“நீ வூட்டுக்குப் போ தௌசீஃபு. நான் பேசுனது ராங்கு. போ.”

அவன் போகவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்களோடு வண்டிக்கடியில் வந்து படுத்தான். நான்கு மூலையையும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கப் பிசின் மாதிரி வந்தது. மற்ற மூன்று பக்கமும் இன்னும் ஒரு மாதமோ இரண்டு மாதமோதான் தாங்கியிருக்கும். தாகத்தில் அவர்கள் இருவர் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டியது எனக்குக் கேட்டது. நான் நடுவில் போய்க் கடைக்குப் பின்னால் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

“குட்ச்சிட்டு வந்து மூஞ்சிக்கு நேரா மூச்சு வுடறான் பாரு, கஸ்மாலம்,” என்றான் தௌசீஃப்.

பழையது மூன்றும் வேலை செய்தாலும் அவன் கொண்டுவந்திருந்த புது சென்சாரையே மாட்டினோம். மாட்டினால் மட்டும் போதாது. சமமான தரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டுவரை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து, அந்த உயரத்தை வண்டிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஷெட் தரை சமம் கிடையாது. வெள்ளம் வந்தால் தண்ணீர் வாசலுக்கு வடியட்டும் என்று சரிவாகப் போட்டது. இந்தப் பக்கம் எல்லார் வீட்டுத் தரையும் அப்படித்தான்.

“சமமான தரைக்கு எங்க போறது? எண்ணூர்ல சமமா இன்னா கீது?” என்றான் தௌசீஃப்.

“எட மேட,” என்றேன் நான்.

லாரி எடை போடுகிற மேடை. அது கோணலாக இருந்தால் உலகமே சண்டைக்கு வந்துவிடும். மேடையைப் பார்த்துக்கொள்ளும் யசோதரா என்னோடு யார்டில் இருந்தவள். நாலு மணிக்கு, இரண்டு ட்ரெய்லருக்கு நடுவில் பத்து நிமிஷம் கொடுத்தாள்.

“கார எட போடறீங்களா? இன்னா பாய், கல்யாணத்துக்குச் சீரா?” என்று கூண்டுக்குள்ளிருந்து கேட்டாள்.

பாய் சிரிக்கவில்லை. அவர் டேப்பைப் பிடிக்க, நான் எண்ணைப் போனில் ஏற்றினேன். பின்னால் வரிசையில் நின்ற ட்ரெய்லர்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். கடைசியாக இடது பின் மூலைக்கு வந்தார். இரண்டு தடவை அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார்.

“அஜினு,” என்றார் குனிந்தபடியே. “வூட்ல இத்த சொல்லிக்காத.”

“எத்த பாய்?”

“கருப்பாயிலு.”

நான் சரி என்றேன். வண்டி நான்கு காலிலும் சமமாக நின்றது. நான்கு பக்கமும் நாலு விரல். ஆனால் வண்டியை எடுத்து ஷெட்டுக்கு வருகிற வழியிலேயே, வேகத்தடையில் பாய் பிரேக்கை மிதித்த மிதியில் என் போன் டேஷ்போர்டில் இடித்துக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சபீஹா அக்கா கிண்ணங்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கஞ்சி கொதித்து அடங்கி, புதினா வாசம் தெருவரை வந்தது. தட்டில் பருப்பு வடை. நவ்ரீன் நோன்பு வைப்பதில்லை, டாக்டர் கூடாது என்றிருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வடையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளிக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்?” என்று அக்கா கேட்டாள், பாயைப் பார்க்காமல்.

“எட்டரைக்கு. நீதான் ஓட்ற.”

அக்கா கரண்டியை வைத்தாள். “நான் தொட மாட்டேன்னு சொன்னேனா இல்லியா?”

“சபீ, நோன்பு வாயோட சொல்றேன் கேளு. அன்னிக்கு நீ ஒண்ணும் பண்ணல. அத்த ஒடச்சது நான்.”

அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று என்னிடம் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பாய் தரையில் உட்கார்ந்து, சென்சாரின் கை எப்படி அசையும் என்று தன் முழங்கையை மடக்கிக் காட்டினார். எண்ணெய், தூள், இறுகிப்போனது, வண்டி கட்டையில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை. “துரு புடிக்கக் கூடாதுன்னு அட்ச்சேன்,” என்று மட்டும் ஒரு தடவை இழுத்தார்.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள்.

“அன்னிக்கு இன்னா கேட்ட நீ என்ன?”

“பாத்து ஓட்ட மாட்டியான்னு.”

“ரெண்டு மாசமா கண்ண மூடுனா அந்தப் பள்ளம்தான் வருது. சோறு வடிச்சா வருது. தொழுவப் போனா வருது. அங்க பிரேக்க வச்சிருந்தா, இங்க ஒட்ச்சிருந்தான்னு நானே நூறு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன். நீ பக்கத்துல குறட்ட உட்டுகினு கீற.”

“சபீ…”

“பேசாத.”

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள். பாய்க்கும் ஊற்றினாள். வடை மட்டும் வைக்கவில்லை. பாய் கேட்கவும் இல்லை.

“அப்போ நாளிக்கு அம்மா ஓட்டுது,” என்றாள் நவ்ரீன்.

“எனக்கு பயமா கீது கண்ணு. இவரு சொல்லிட்டாருன்னா பள்ளம் மூடிகிச்சா? அந்தக் கருப்பு மறுபடியும் எங்கனா ஒட்டிகினு கீதான்னு யாரு கண்டா?”

“என்ன மாதிரி ஒண்ண வச்சி ஓட்டிப் பாரும்மா.”

“உன்ன மாதிரி இன்னா கீது?”

“முட்ட.”

யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவளுக்கு மட்டும் வந்தது. அக்கா மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

நான் கடைக்கு ஓடினேன். கல்லாவில் கூட்டம். முப்பது முட்டை அட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டேன்.

“ஏலேய், எங்கல கொண்டு போற?” என்றார் அப்பா.

“பரிச்சைக்குப்பா.”

“முட்டையவா? வெளங்கிரும். அட்டைய ஒடைக்காம திருப்பிக் கொண்டா.”

நவ்ரீன் உட்காருகிற இடத்தில், அவளுடைய தலையணை மேலேயே அட்டையை வைத்து பெல்ட் போட்டோம். அக்கா சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பிஸ்மில்லா சொல்லி வண்டியை எடுத்தாள். பக்கத்தில் நான், போனில் நான்கு எண்களைப் பார்த்தபடி. பின்சீட்டில் முட்டைக்குப் பக்கத்தில் பாய். ஏழு மணி இருக்கும். ட்ரெய்லர்கள் எதிர்ப்பக்கம் மலை மாதிரி வந்துகொண்டிருந்தன.

கேட்டுக்கு முன்னால் அக்கா வேகத்தைக் குறைத்தாள். வண்டி நின்றே விட்டதோ என்று நினைத்தேன். பின்னால் ஆட்டோக்காரன், “யக்கா, ஊர்கோலமா?” என்று கத்தினான். அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. எண் குறைந்தது, ஏறியது. பின்சக்கரம் இறங்கியது. வலதில் எண் அசைந்தது. இடதிலும் அசைந்தது. மூச்சு வாங்குகிற மாதிரி வண்டி ஒரு தடவை தாழ்ந்து எழுந்தது. ‘டொம்’ கேட்கவில்லை.

“வந்துட்டமா?” என்றார் பாய் பின்னாலிருந்து.

“தாண்டிட்டோம்,” என்றாள் அக்கா. இரண்டு மாதத்தில் அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. திரும்பி வரும்போதும் அதே பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள்.

வீட்டு வாசலில் குழல் விளக்குக்குக் கீழே நவ்ரீன் மடியில் அட்டையை வைத்தோம். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, சுற்றிப் பார்த்து வைத்தாள். பத்து. இருபது. இருபத்தாறு. இருபத்தேழாவது முட்டையைச் சுற்றியவள் கை நின்றது.

மயிரிழை மாதிரி ஒரு விரிசல். கசியவில்லை. விளக்கில் பிடித்தால் மட்டும் தெரிந்தது.

அக்கா முகத்தைப் பார்த்தேன். சாவியைப் பிடித்திருந்த கை தாழ்ந்துகொண்டே வந்தது. அப்படியே ஆணிக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

“அது கடைலயே விரிஞ்சி இர்ந்துச்சுக்கா,” என்றேன். “எடுக்கும்போதே பாத்தேன்.”

“மெய்யாலுமா?”

“மெய்யாலும்.”

நான் பார்க்கவில்லை. எங்கள் கடைக்கு வருகிற அட்டையில் ஒன்றிரண்டு இப்படி விரிந்துதான் இருக்கும். அப்பா தினமும் காலையில் பொறுக்கி எடுத்து ஆம்லெட் கடைக்குத் தனியாக வைப்பார். இந்த அட்டையை அவர் பார்த்திருந்தாரா, இன்னும் பார்க்கவில்லையா, எனக்குத் தெரியாது. கூட்டத்தில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். பாய் என்னையே பார்த்தார். நோன்பு வாயோடு உண்மையைச் சொல்லிவிட்டு வடை இல்லாமல் கஞ்சி குடித்த மனுஷன். நான் அவர் கண்ணைப் பார்க்காமல் மீதி மூன்று முட்டையையும் நானே எடுத்துக் காட்டினேன். அவை நன்றாக இருந்தன.

காலையில் அக்காதான் ஓட்டினாள். நான் லீவு சொல்லிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். பின்னால் தலையணை நடுவில் நவ்ரீன், செய்யுளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு. பாய் ஷெட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். வந்தால் தன் மூச்சுக்கே வண்டி குலுங்கும் என்று பயந்தாரோ என்னவோ. நாலு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிஷம். பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கிய நேரத்தில் முணுமுணுப்பு நின்றது. போனில் எண் தாழ்ந்தது, எழுந்தது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. அக்கா கண்ணாடியில் பார்த்தாள்.

“அடுத்த அடி மறந்துட்டேன்,” என்றாள் நவ்ரீன்.

பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் தாழ்த்தி, நாற்காலிக்கு மாற்றி, உள்ளே அனுப்பினோம். ஒன்றேகால் மணிக்கு விரலெல்லாம் மையோடு வந்தாள். நெடுவினா ஒன்று விட்டுப்போச்சு என்று சண்டை போட்டாள். பதினொண்ணு பதினொண்ணாகவே இருக்கிறது.

வண்டியில் ஏற்றும்போது, அக்கா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நவ்ரீன் என் காதுக்கிட்டே கேட்டாள்: “அண்ணா, நீ மெய்யாலுமே கடையிலயே பாத்தியா?”

“போய் இங்கிலீஷு படி,” என்றேன்.

ஸ்பிரே கன்னைப் பாய் தூணிலிருந்து கழற்றிவிட்டார். இப்போது தினமும் சாயங்காலம் அக்காவே குனிந்து நான்கு சென்சாரையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, கையை அசைத்துப் பார்க்கிறாள். பாய்க்கு நேற்று இரண்டு வடை கிடைத்தது. திங்கட்கிழமை இங்கிலீஷ். அதற்குப் பிறகு இன்னும் மூன்று தாள். ஒவ்வொரு தாளுக்கும் போகும்போது ஒரு பள்ளம், வரும்போது ஒரு பள்ளம். நடுவில் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னால் சாவி ஆணிக்குப் போகும், பிரேக்குக்குப் பாய் கால் வரும். சொல்லாமல் விட்டு, அந்த விரிசல் நிஜமாகவே எங்கள் பள்ளத்தில் விழுந்ததாக இருந்தால்? நான்கு எண்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. முட்டையைத்தான் அன்றைக்கே அப்பா ஆம்லெட் கடைக்குக் கொடுத்துவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அது கடையில் விரிந்ததா, பள்ளத்தில் விரிந்ததா?